மனிதர் நடக்கும் கோட்டைக் கணினியால் வரைய முடியுமா? கட்டடங்களுக்குள் நடமாட்டக் கோடுகளைக் கணிக்கும் முறைகள்

வரைதாள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கட்டடக்கலை இறுதியாண்டு மாணவன். ஒரு மாவட்டத் தலைநகரில் உள்ள மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் மக்கள் எப்படி நடமாடுகிறார்கள் என்பதை ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். எந்த மருத்துவமனை என்பதை இங்கே சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன். தரைத்தளத்தை நானே நாடாப் பிடித்து அளந்து ஆட்டோகேடில் வரைந்துவிட்டேன். பிறகு அந்த வரைபடத்தை அரை மீட்டர்க் கட்டங்களாகப் பிரித்து, ஓ.பி. சீட்டு வழங்கும் இடம், மருத்துவர் அறைகள், ஆய்வகம், எக்ஸ்ரே, மருந்தகம் ஆகியவற்றுக்கு இடையே மிகக் குறுகிய பாதைகளைக் கண்டுபிடிக்க ஏ-ஸ்டார் முறையில் பைத்தானில் ஒரு சிறு நிரல் எழுதினேன்.

கோடுகள் வந்தன, ஆனால் பார்ப்பதற்கே விசித்திரமாக இருக்கின்றன. எல்லாக் கோடுகளும் சுவரின் மூலைகளை உரசிக்கொண்டு போகின்றன. திறந்த கூடத்தின் குறுக்கே போகும் கோடு சிறிது தூரம் நேராகவும் சிறிது தூரம் நாற்பத்தைந்து பாகையிலும் ஒடிந்து ஒடிந்து போகிறது. அப்படி நடக்கும் ஒருவரைக்கூட நான் அங்கே பார்த்ததில்லை. வழிகாட்டும் பேராசிரியர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இது எலி ஓடும் வழி, மனிதர் நடக்கும் வழி அல்ல" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். என் நிரல் பிழையா, அல்லது நான் தேர்ந்த முறையே பிழையா?

கணிமேகம் எழுதியது:

நிரலில் பிழை இருப்பதாகத் தெரியவில்லை. நீங்கள் கேட்டதற்கு அது சரியாகவே விடை சொல்லியிருக்கிறது.

ஒடிந்த கோட்டை முதலில் பார்ப்போம். ஒரு கட்டத்திலிருந்து அதைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களுக்கு மட்டுமே நகர அனுமதித்தால், பாதை எட்டுத் திசைகளில்தான் போக முடியும். அந்தக் கட்டுப்பாட்டினால் கோட்டின் நீளம் உண்மையான நேர்தூரத்தைவிட அதிகபட்சம் எட்டு விழுக்காடு வரை கூடும். நான்கு திசைகளை மட்டும் அனுமதித்திருந்தால் நாற்பத்தொரு விழுக்காடு வரை கூடியிருக்கும். கட்டத்தை இன்னும் சிறிதாக்கினால் இது சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சரியாகாது; படிகள் சிறுக்குமே ஒழியத் திசைகள் எட்டாகவே இருக்கும். கிடைத்த பாதையின் மேல் ஒரு கயிற்றை வைத்து இரு முனைகளையும் இழுத்து விறைப்பாக்குவதுபோல், ஒன்றையொன்று நேராகப் பார்க்கக்கூடிய புள்ளிகளுக்கு இடையில் உள்ளவற்றை நீக்கிவிடுங்கள். தேடலின் போதே இதைச் செய்யும் தீட்டா-ஸ்டார் என்ற வகையும் இருக்கிறது.

மூலையை உரசுவதற்குக் காரணம், உங்கள் நிரலில் நடப்பவருக்கு உடம்பே இல்லை என்பதுதான். அவர் ஒரு புள்ளி. புள்ளிக்குத் தோள் கிடையாது. அமெரிக்காவில் ஜான் ஃப்ரூயின் 1971-இல் வெளியிட்ட பாதசாரித் திட்டமிடல் நூலில், நிற்கும் மனிதருக்கு ஏறத்தாழ 60 செ.மீ. அகலமும் 45 செ.மீ. ஆழமும் கொண்ட ஒரு நீள்வட்டத்தை ஒதுக்கினார். அந்த அகலத்தில் பாதியும், சுவரிலிருந்து மனிதர்கள் இயல்பாக விலகி நடக்கும் இடைவெளியும் சேர்ந்த அளவுக்கு ஒவ்வொரு சுவரையும் தூணையும் வெளிநோக்கித் தடிக்க வையுங்கள். அதன்பின் புள்ளியை நடக்க விட்டால் தோளுள்ள மனிதர் நடந்ததற்குச் சமம். சுவரை நெருங்க நெருங்கச் செலவு கூடுவதாக எடை கொடுத்தால் கோடு இன்னும் இயல்பாக வளையும்.

ஒரு சிறு வரலாற்றையும் சொல்லிவிடுகிறேன். மிகக் குறுகிய பாதையைக் கண்டுபிடிக்கும் தம் முறையை டைக்ஸ்ட்ரா வெளியிட்டது 1959-இல். அதை விரைவாக்கிய ஏ-ஸ்டார் 1968-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில், ஷேக்கி என்ற ரோபோ அறைகளுக்குள் வழி கண்டுபிடிப்பதற்காக உருவானது. அந்த ரோபோவுக்குப் போக வேண்டிய இடம் முன்கூட்டியே தெரியும். அதன் கையில் வரைபடமும் இருந்தது. கால் வலியோ தயக்கமோ அதற்கு இல்லை. புறநோயாளிகள் பிரிவுக்கு வருபவருக்கு இவற்றில் எது பொருந்தும்?

முற்றம் எழுதியது:

கணிமேகம் சொன்ன திருத்தங்களைச் செய்யுங்கள், அவை தேவையானவை. ஆனால் கோட்டை அழகாக்கிவிட்டால் பேராசிரியரின் கேள்விக்கு விடை கிடைத்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. நடமாட்டக் கோடு என்பதை நாம் எதற்காக வரைகிறோம் என்பதைச் சற்றுப் பின்னோக்கிப் போய்ப் பார்ப்பது நல்லது.

சமையலறையில் பெண் நடக்கும் தூரத்தைக் கோடுகளாக வரைந்து குறைக்கலாம் என்று அமெரிக்காவில் கிறிஸ்டின் ஃப்ரெடரிக் எழுதியதைக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி படித்தார். 1926-இல் அவர் வடிவமைத்த பிராங்ஃபர்ட் சமையலறை 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்ட ஓர் அறைக்குள் எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தது. 1928-இல் கட்டடக் கலைஞர் அலெக்சாண்டர் கிளைன் ஜெர்மனியில் இரண்டு வீட்டு வரைபடங்களை அருகருகே வைத்து, பழைய வகை வீட்டில் நடமாட்டக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் சிக்கலாகக் கிடப்பதையும், தம்முடைய வீட்டில் அவை வெட்டிக்கொள்ளாமல் பிரிந்து ஓடுவதையும் காட்டினார். உரசலற்ற வாழ்க்கைக்கான வீடு என்று அதற்குப் பெயரிட்டார். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 1978-இல், கட்டடக்கலை வரலாற்றாளர் ராபின் எவன்ஸ் அதே வரைபடத்தை எடுத்துக்கொண்டு, மனிதர் ஒருவரையொருவர் எதிர்ப்படுவதை உரசல் என்றும் கேடு என்றும் யார் முடிவுசெய்தது என்று கேட்டார். கிளைனின் கோடுகள் அளந்த கோடுகள் அல்ல. அவர் வாழ்க்கை எப்படி இருக்க வேண்டும் என்று விரும்பினாரோ அதன் கோடுகள். உங்கள் ஏ-ஸ்டார் கோடுகளும் அதே குலத்தைச் சேர்ந்தவைதான். வழியறிந்த, அவசரமுள்ள, தனித்து நடக்கும் ஒருவர் எப்படிப் போக வேண்டும் என்பதை அவை சொல்கின்றன.

இதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்து வந்தவர்கள் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பில் ஹில்லியரும் ஜூலியன் ஹான்சனும். போகுமிடம் எது என்று தெரியாமலேயே, வெளியின் அமைப்பை மட்டும் வைத்துக்கொண்டு எங்கே அதிகம் பேர் நடப்பார்கள் என்று சொல்ல முடியுமா என்று அவர்கள் கேட்டார்கள். 1984-இல் வெளிவந்த அவர்களுடைய நூலிலிருந்துதான் ஸ்பேஸ் சின்டாக்ஸ் என்ற துறை வளர்ந்தது. நகரமானால் தெருக்களை மிகக் குறைந்த எண்ணிக்கையிலான மிக நீண்ட நேர்கோடுகளால் (அச்சுக்கோடுகள் என்பது இவைதான்) நிரப்பி, ஒரு கோட்டிலிருந்து மற்றக் கோடுகளுக்குப் போக எத்தனை திருப்பங்கள் என்று எண்ணுவார்கள். கட்டடத்துக்குள் என்றால் தரையைப் புள்ளிகளால் நிரப்பி, எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளி தெரிகிறது என்று ஒரு பார்வை வலையை உருவாக்குவார்கள். ஒரு புள்ளியிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தரைப்பரப்பு முழுவதையும் ஐசோவிஸ்ட் என்ற பெயரில் 1979-இல் மைக்கேல் பெனடிக்ட் விரிவாக ஆராய்ந்திருந்தார். ஆலஸ்டர் டர்னரும் அவருடைய கூட்டாளிகளும் 2001-இல் அவற்றைக் கோத்து வலையாக்கினார்கள். டர்னர் எழுதிய டெப்த்மேப் மென்பொருளின் இன்றைய வடிவமான டெப்த்மேப்-எக்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் ஆட்டோகேடு வரைபடத்தை டி.எக்ஸ்.எஃப். ஆகச் சேமித்து அதில் ஏற்றிப் பாருங்கள்.

லண்டன் மில்பேங்கில் உள்ள டேட் ஓவியக்கூடத்தில் நடந்த ஆய்வு இத்துறையில் அதிகம் எடுத்துக்காட்டப்படுவது. உள்ளே நுழைந்தவர்களைப் பின்தொடர்ந்து அவர்களுடைய முதல் பத்து நிமிட நடையைத் தாளில் கோடுகளாக வரைந்தார்கள். எந்த அறையில் எந்த ஓவியம் என்பதைப் பார்க்காமலேயே, பார்வை வலையின் கணக்கு அந்தக் கோடுகளின் அடர்த்தியோடு பெரிதும் ஒத்துப்போனது. வாசலிலிருந்து உள்நோக்கி ஓடும் நீண்ட நடு அச்சு, அந்தக் கட்டடத்தில் அவ்வளவு வேலை செய்கிறது.

வரைதாள் எழுதியது:

முற்றம் ஐயா அவர்களுக்கும் கணிமேகம் அவர்களுக்கும் மிக்க நன்றி.

டெப்த்மேப்-எக்ஸில் ஏற்றினேன். இப்போது குழப்பம் கூடிவிட்டது. காத்திருப்புக் கூடத்தின் நடுப்பகுதி முழுவதும் சிவப்பாக, அதாவது மிக ஒருங்கிணைந்த இடமாக, வந்திருக்கிறது. பின்மூலையில் இடைகழியின் கடைசியில் இருக்கும் மருந்தகம் கருநீலமாக இருக்கிறது. யாரும் எட்டிப்பார்க்காத இடம் என்று பொருள். ஆனால் உண்மையில் அந்தப் பிரிவிலேயே அதிக நெரிசல் மருந்தகத்தின் முன்தான். மென்பொருள் தலைகீழாகச் சொல்கிறதா? கட்டத்தை கால் மீட்டராகக் குறைத்தும் பார்த்தேன். கணினி வெகுநேரம் நின்றுபோனதே தவிர நிறம் மாறவில்லை.

கணிமேகம் எழுதியது:

கணினி நின்றதற்கு மட்டும் நான் விடை சொல்கிறேன். 60 மீட்டருக்கு 40 மீட்டர் கூடம் என்று வைத்துக்கொள்வோம். அரை மீட்டர் இடைவெளியில் 9,600 புள்ளிகள். ஒன்றுக்கொன்று தெரிகிறதா என்று சோதிக்க வேண்டிய இணைகள் ஏறத்தாழ 4.6 கோடி. கால் மீட்டராக்கினால் 38,400 புள்ளிகள், ஏறத்தாழ 73.7 கோடி இணைகள். இடைவெளி பாதியானால் வேலை பதினாறு மடங்கு. மனிதரின் ஓர் எட்டை விடச் சிறிய கட்டத்தால் நடமாட்ட ஆய்வுக்குப் பெரிய பயன் இல்லை. குறுகிய கதவுகள் அடைபட்டுப் போகாத அளவுக்குச் சிறிதாக இருந்தால் போதும்.

முற்றம் எழுதியது:

ஐயா அல்ல, அம்மா. முற்றம் என்ற பெயரே போதும்.

மென்பொருள் தலைகீழாகச் சொல்லவில்லை. ஒருங்கிணைவு என்ற எண் எப்படி வருகிறது என்பதைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தால் இது விளங்கும். ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து அறைகள், இரயில் பெட்டிகள் போல. முதல் அறையிலிருந்து மற்ற நான்கின் ஆழம், அதாவது அவை எத்தனை அறை தள்ளி இருக்கின்றன என்பது, 1, 2, 3, 4, கூட்டினால் 10, சராசரி 2.5. நடு அறையிலிருந்து 1, 1, 2, 2, கூட்டினால் 6, சராசரி 1.5. சராசரி ஆழத்திலிருந்து ஒன்றைக் கழித்து, இரண்டால் பெருக்கி, அறைகளின் எண்ணிக்கையில் இரண்டு குறைத்து வரும் எண்ணால் வகுக்க வேண்டும். முதல் அறைக்கு 1, நடு அறைக்கு மூன்றில் ஒன்று. எண் சிறிதாக இருந்தால் அந்த அறை எல்லாவற்றுக்கும் அருகில் இருக்கிறது, அதாவது ஒருங்கிணைவு அதிகம் என்று பொருள். கணக்கு இவ்வளவுதான், கடைசி அறையில் இலவசமாகச் சோறு போடுகிறார்களா என்பது இந்தக் கணக்குக்குள் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஹில்லியரின் குழுவினர் இதை அறியாதவர்கள் அல்லர். கட்டடங்களில் இருவகை உண்டு என்று அவர்களே பிரித்தார்கள். யார் எங்கே, எந்த வரிசையில், யாரைச் சந்திக்காமல் போக வேண்டும் என்பதை ஒழுங்குமுறையே தீர்மானிக்கும் கட்டடங்கள் ஒருவகை. நீதிமன்றம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வந்தவரின் போக்கிலேயே விட்டுவிடும் கட்டடங்கள் இன்னொரு வகை. ஓவியக்கூடம் ஏறத்தாழ அப்படிப்பட்டது. பார்வை வலை இரண்டாம் வகைக்குத்தான் நன்றாகப் பொருந்தும். புறநோயாளிகள் பிரிவு முதல் வகைப்பக்கம் வெகுவாகச் சாய்ந்தது. அங்கே சீட்டு வாங்கியபின் மருத்துவர், மருத்துவருக்குப் பின் ஆய்வகம், முடிவு வாங்கியபின் மறுபடியும் மருத்துவர், கடைசியில் மருந்தகம். எந்த மூலையில் வைத்தாலும் மருந்தகத்துக்குக் கூட்டம் வந்தே தீரும்.

நம் ஊரிலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். இராமேசுவரம் கோயிலின் வெளிப்பிராகாரம் ஓர் அச்சுக்கோடு வரைபவருக்குக் கிடைத்த வரம். அவ்வளவு நீண்ட, தடையற்ற, தூண்கள் அணிவகுத்த நேர்க்கோடுகள் உலகில் அபூர்வம். வரைபடத்தை மட்டும் வைத்துக் கணித்தால் அந்த நீண்ட கோடுகள்தாம் எல்லாவற்றையும் இழுக்கும். ஆனால் ஈரத்துணியோடு வரும் யாத்திரிகர் கோயிலுக்குள் இருக்கும் இருபத்திரண்டு தீர்த்தங்களில் அடுத்தது எதுவோ அதை நோக்கித்தான் போவார். மேலும், கோயிலில் வலம் வருவோமே தவிர இடம் வருவதில்லை. பார்வை வலைக்குத் திசை கிடையாது. நான் உங்களைப் பார்த்தால் நீங்களும் என்னைப் பார்க்கிறீர்கள் என்பது அதன் அடிப்படை. வலம் வருதலை அதற்குள் எழுத இடமே இல்லை.

ஆகவே சிவப்பு நீலத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். முதல்முறை வருபவர் எங்கே நின்று விழிப்பார், யாரிடமும் கேட்காமல் எதைக் கண்டுகொள்வார் என்பதை அது சொல்கிறது. மருந்தகம் கருநீலத்தில் கிடக்கிறது என்றால், அதைத் தேடி ஒவ்வொருவரும் யாரையாவது வழி கேட்கிறார்கள் என்று எதிர்பார்க்கலாம். நெரிசலை அது சொல்லாது.

செங்கல் எழுதியது:

நான் கட்டுமானப் பொறியாளன். இருபது ஆண்டுகளுக்கு மேல் தளத்தில் நின்றவன். கேட்கிறேன் என்று தவறாக எண்ண வேண்டாம். ஒரு நாற்காலியைப் போட்டு மருந்தகத்துக்கு எதிரே இரண்டு நாள் உட்கார்ந்தால் தெரிந்துவிடும் ஒன்றுக்கு இவ்வளவு கணக்கு எதற்கு?

அச்சுக்கோட்டு முறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2004-இல் கார்லோ ரட்டி அதை விமர்சித்தார். தெருவமைப்பைச் சிறிது சாய்த்தாலே நேர்கோடு பலவாக உடைந்து, ஒருங்கிணைவு எண்கள் குதிக்கின்றன என்று காட்டினார். நடப்பவருக்கு அந்தச் சாய்வு தெரியவே தெரியாது. அதே ஆண்டு ஹில்லியரும் ஆலன் பென்னும் மறுமொழி எழுதினார்கள் என்பதும் எனக்குத் தெரியும்; பின்னால் திருப்பத்தின் கோணத்தையே எடையாகக் கொள்ளும் முறை பரவியதும் தெரியும். ஆனால் அளக்கும் கருவி அளக்கப்படும் பொருளைவிட அதிகமாக நடுங்கினால் அதை நான் தளத்துக்குக் கொண்டுபோக மாட்டேன்.

கணினி இல்லாமலே இதைச் செய்தவர் ஜெர்மன் கட்டடக் கலைஞர் ஃப்ரை ஓட்டோ. ஸ்டுட்கார்ட்டில் இருந்த அவருடைய இலகுக் கட்டமைப்பு ஆய்வு நிறுவனத்தில், வளையத்தைச் சுற்றியுள்ள புள்ளிகளைக் கம்பளி நூல்களால் ஒன்றோடொன்று இணைத்து, நூல்களைச் சற்றுத் தளர்த்தி, நீரில் முக்கி எடுத்தார்கள். ஈரத்தில் நூல்கள் ஒட்டிக்கொண்டு, எல்லா ஊர்களுக்கும் தனித்தனிச் சாலையாக இருந்தது சில பொதுச் சாலைகளாகச் சேர்ந்தது. எல்லாரும் கொஞ்சம் சுற்றிப் போனால் மொத்தச் சாலையின் நீளம் வெகுவாகக் குறைகிறது என்பதை ஒரு வாளித் தண்ணீர் காட்டிவிட்டது.

கணிமேகம் எழுதியது:

செங்கல் அவர்களே, நாற்காலி போட்டு உட்காருவதை யாரும் மறுக்கவில்லை. டேட் ஆய்விலும் முதலில் மனிதர்தான் மனிதரைப் பின்தொடர்ந்தார். ஆனால் இன்னும் கட்டப்படாத கட்டடத்தில் நாற்காலியை எங்கே போடுவீர்கள்? இருக்கும் கட்டடத்தில் மருந்தகத்தை வாசலுக்கு அருகில் மாற்றினால் என்ன ஆகும் என்பதை நாற்காலி சொல்லாது. கணிப்பு தேவைப்படுவது அங்கேதான். கணித்ததை எண்ணிச் சரிபார்க்க நாற்காலி வேண்டும், இரண்டும் பகையல்ல.

ஓட்டோவின் ஈர நூலை இப்போது கிராஸ்ஹாப்பர் என்ற வடிவமைப்பு மென்பொருளில் பலர் போலச் செய்கிறார்கள். அதைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நூல் ஒட்டுவது நீரின் பரப்பு இழுவிசையால்; புல்வெளியில் ஒற்றையடிப் பாதை உருவாவது, முன்னால் போனவர் மிதித்த இடத்தில் நடப்பது எளிது என்பதால். காரணம் வேறு, வடிவம் ஒன்றுபோல. மொசைக் போட்ட தரையில் யார் மிதித்த தடமும் நிற்பதில்லை. ஆகவே மருத்துவமனைக்கு நூல் கணக்கைப் போடுபவர் எதைக் கணக்கிடுகிறார் என்று எனக்குப் புரிவதில்லை.

முகவர் முறையை, அதாவது கணினிக்குள் கற்பனை மனிதர்களை நடக்கவிடும் முறையை, யாரும் சொல்லவில்லை என்பதால் சேர்க்கிறேன். டர்னரும் பென்னும் 2002-இல் டேட் கூடத்திலேயே கண்ணுள்ள சிறு முகவர்களை நடக்கவிட்டார்கள். டெப்த்மேப்பில் உள்ள முகவருக்கு 170 பாகைப் பார்வை. தான் பார்க்கும் வெளியில் ஏதோ ஒரு புள்ளியைத் தேர்ந்து, அதை நோக்கி மூன்று எட்டு வைத்து, மறுபடியும் தேர்வார். போகுமிடமும் நினைவும் இல்லாத இந்த மனிதர்கள் பெருந்திரளாக நடந்தபோது, உண்மையான பார்வையாளர்களின் அறைவாரிப் பரவலுக்கு நெருக்கமாக வந்தார்கள். இன்னொரு பக்கம், டிர்க் ஹெல்பிங்கும் பீட்டர் மோல்னாரும் 1995-இல் எழுதிய சமூக விசை மாதிரி. அதில் ஒவ்வொருவரையும் போகுமிடம் ஈர்க்கிறது. மற்றவர்களும் சுவர்களும் தள்ளுகிறார்கள். எதிரெதிரே வரும் கூட்டம் யாரும் சொல்லாமலே வரிசைகளாகப் பிரிவது அந்தச் சமன்பாடுகளிலிருந்து தானாகவே வந்தது. தடையின்றி நடக்கும் வேகத்துக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட சராசரி நொடிக்கு 1.34 மீட்டர்.

தாழ்வாரம் எழுதியது:

கூட்ட நெரிசலைப் போலச்செய்து காட்டும் மென்பொருள்களோடு தொழில்முறையில் பழகுபவன் என்பதால் அந்த 1.34 பற்றி ஓர் எச்சரிக்கை. மென்பொருளில் இயல்பாக அமைந்திருக்கும் எண்ணை அப்படியே விட்டுவிடுவதுதான் மாணவர்கள் செய்யும் முதல் தவறு. அது நலமாக, தடையின்றி நடப்பவரின் வேகம். புறநோயாளிகள் பிரிவுக்கு வருபவர் முழங்கால் வலிக்காக வந்திருக்கலாம். கையில் குழந்தை, தோளில் பை, பக்கத்தில் மாமியார்.

வேகம் மட்டுமன்று, இடைவெளியும் ஊருக்கு ஊர் மாறுகிறது. ஜெர்மனியிலும் இந்தியாவிலும் ஒரே வடிவ ஒற்றை வரிசைப் பாதையில் ஆட்களை நடக்கவிட்டு ஒப்பிட்ட ஆய்வு 2009-இல் வெளிவந்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யின் சட்டராஜும் சக்ரபோர்த்தியும், யூலிக் ஆய்வு மையத்தின் சைஃப்ரீடும் சேர்ந்து செய்தது. வரிசை நெருங்க நெருங்க ஜெர்மானியர்களின் வேகம் குறைந்த அளவுக்கு இந்தியர்களின் வேகம் குறையவில்லை. முன்னால் நடப்பவரோடு விடும் இடைவெளியும் நம்மவர்களிடம் குறைவாகவே இருந்தது. நம் ஊர்ப் பேருந்து நிலையத்தில் ஒருமுறை நின்றவருக்கு இது வியப்பளிக்காது. ஆனாலும் எண்ணாகப் பதிவாகியிருப்பது நமக்குப் பயன்படும்.

வரைதாள் அவர்களே, நீங்கள் நேரில் பார்த்து வரைந்த தடங்களைக் கணித்த கோடுகளோடு ஒப்பிடுவீர்கள் அல்லவா? அப்போது எந்த அளவுகோலால் ஒப்பிடுகிறீர்கள் என்பது முக்கியம். ஹவுஸ்டார்ஃப் தூரம் என்பது இரண்டு கோடுகளும் எவ்வளவு விலகிக் கிடக்கின்றன என்று மட்டும் பார்க்கும். ஒருவர் கிழக்கே போனதும் மற்றவர் அதே வழியில் மேற்கே வந்ததும் அதற்கு ஒன்றே. ஃப்ரெஷே தூரம் வேறு. ஒருவர் ஒரு கோட்டிலும் அவருடைய நாய் மறு கோட்டிலும் பின்வாங்காமல் நடக்கும்போது, தேவைப்படும் மிகக் குறுகிய கயிற்றின் நீளம் அது. வரிசையும் திசையும் அதில் கணக்கில் வருகின்றன. முற்றம் அவர்கள் சொன்ன வலம் வருதலையும், ஆய்வகத்துக்குப் போய்த் திரும்பி மருத்துவரிடமே வரும் தடத்தையும் பிரித்தறிய வேண்டுமானால் இரண்டாவதே ஏற்றது.

தடங்களை அழகுக்காகக் கற்றையாகக் கட்டும் நிரல்களைத் தயவுசெய்து தவிர்க்கவும். கற்றையாகக் கட்டிய கோடு யாரும் நடக்காத இடத்தின் வழியாகப் போகும். சில சமயம் தூணுக்குள்ளேயே போகும். தேர்வாளர்கள் மயங்குவார்கள் என்பது உண்மைதான்.

கைப்பேசியின் புளூடூத், வைஃபை குறிகளை வைத்துத் தடம் பிடிக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் புளூடூத் உணரிகளால் ஓர் ஆய்வு செய்து 2014-இல் வெளியிட்டார்கள். அதிக நேரம் இருந்தவர்களும் குறைந்த நேரம் இருந்தவர்களும் சென்ற இடங்களில் பெரிய வேறுபாடு இல்லை என்பது அதன் சுவையான முடிவு. ஆனால் இப்போது கைப்பேசிகள் தங்கள் அடையாள எண்ணை அடிக்கடி மாற்றிக்கொள்கின்றன. அதைவிட, மருத்துவமனையில் ஒருவர் எந்த அறைக்குப் போனார் என்பதே அவருடைய நோயைச் சொல்லிவிடும். அனுமதியோடு, பெயரின்றி, தாளும் பென்சிலுமாகச் செய்வதே உங்களுக்கு நல்லது.

செங்கல் எழுதியது:

தாளும் பென்சிலும் என்ற இடத்தில் தாழ்வாரம் அவர்களும் நானும் ஒன்றுசேர்ந்துவிட்டோம்.

இத்தனை மாதிரிகளிலும் ஒன்றை யாரும் வரையவில்லை. வரிசை. நம் மருத்துவமனைகளில் நிற்கும் வரிசை ஒரு சுவர். மருந்தகத்து வரிசை இடைகழியின் குறுக்கே நீண்டுவிட்டால், மறுபக்கம் போக வேண்டியவர் "கொஞ்சம் வழி விடுங்கள்" என்று கேட்டுத்தான் போக வேண்டும். ஸ்ட்ரெச்சர் வந்தால் வரிசை உடைந்து மறுபடி சேரும். அப்போது முன்னால் நின்றது யார் என்று சண்டை வரும். நீங்கள் அளந்த வரைபடத்தில் 2.4 மீட்டர் அகல இடைகழி இருக்கலாம். காலை பத்து மணிக்கு அதன் அகலம் ஓர் ஆள் அளவே. அதை வரையாமல் ஏ-ஸ்டாரையும் முகவரையும் ஓடவிட்டால், ஞாயிற்றுக்கிழமை மூடிக்கிடக்கும் மருத்துவமனையைத்தான் ஆராய்கிறீர்கள்.

முற்றம் எழுதியது:

இது மிக முக்கியமான கருத்து. இதை இன்னும் சற்று நீட்டலாம். வரிசையைச் சுவராக வரைந்தால் பார்வை மறையாது, வழி மட்டும் மறையும். ஆட்களின் தலைக்கு மேலாக மருந்தகத்தின் பெயர்ப்பலகை தெரியும், போக முடியாது. டெப்த்மேப்பில் இந்த இரண்டையும் தனித்தனியே செய்யலாம். கண் மட்டத்தில் தடுப்பவற்றை மட்டும் வைத்து ஒரு வரைபடம். முழங்கால் மட்டத்தில் தடுப்பவற்றையும் சேர்த்து இன்னொன்று. நாற்காலி வரிசைகள், கயிறு கட்டிய தடுப்பு, நிற்கும் மனிதர்கள் எல்லாம் இரண்டாவதில்தான் வருவார்கள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், கண்ணுக்குத் தெரிந்தும் காலுக்கு எட்டாத இடங்கள் தனியே தெரியும். மக்கள் தயங்கி நிற்பதும், இடித்துக்கொள்வதும், காவலரோடு வாக்குவாதம் செய்வதும் அங்கேதான் என்பது என் ஊகம். நீங்கள் சரிபார்த்துச் சொல்லுங்கள்.

சக்கர நாற்காலிக்குத் தனி வரைபடம் வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவுள்ள சாய்தளம் வேறு வாசலில் இருந்தால், அவருடைய கட்டடமே வேறு கட்டடம்.

வரைதாள் எழுதியது:

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

கண்காணிப்பாளரிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்கி, மூன்று நாட்கள் காலை எட்டு முதல் பதினொரு மணி வரை உட்கார்ந்தேன். முற்றம் அம்மா சொன்னபடி கண்மட்ட வரைபடம், கால்மட்ட வரைபடம் இரண்டும் செய்தேன். வரிசைகளை அரை மணிக்கு ஒருமுறை தாளில் குறித்து, அவற்றையும் தடைகளாக ஏற்றினேன். எட்டு மணிக்கான ஏ-ஸ்டார் கோடுகள், சுவரைத் தடிக்க வைத்த பிறகு, நான் பார்த்த தடங்களோடு பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. பத்து மணிக்கான கோடுகள் ஒத்துப்போகவில்லை. மருந்தகத்து வரிசையைத் தடையாக வைத்தபோது, நிரல் ஆய்வகத்துக்குப் பின்பக்க முற்றத்தைச் சுற்றிப்போகும் நீண்ட வழியைக் காட்டியது. உண்மையில் அந்த வழியில் போனவர்கள் ஊழியர்கள் மட்டுமே. நோயாளிகள் வரிசைக்குள் புகுந்தே போனார்கள். ஆகவே வரிசையை முழுச் சுவராக வைப்பதும் பிழை. கடக்கக்கூடிய, ஆனால் செலவு மிகுந்த தரையாக வைக்க வேண்டியிருந்தது. அப்படி வைத்தவுடன் நோயாளிகளின் தடமும் கோடும் நெருங்கின. ஊழியர்களுக்கு அந்தச் செலவை இன்னும் உயர்த்த வேண்டியிருந்தது. அவர்களுக்குப் பின்வழி தெரியும் என்பதாலா, வரிசையில் புகுந்தால் நாலு பேர் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள் என்பதாலா என்று எனக்குத் தெரியவில்லை.

தயங்கி நிற்கும் இடம் பற்றிய ஊகம் பாதி சரி. மருந்தகப் பலகை தெரியும் திருப்பத்தில் நிற்கிறார்கள். ஆனால் அதைவிட அதிகம் பேர் நின்றது, வரைபடத்தில் எந்தச் சிறப்பும் இல்லாத ஒரு தூணடியில். அங்கே கைப்பேசி மின்னேற்றும் சாக்கெட் ஒன்று இருக்கிறது.

கணிமேகம் எழுதியது:

நோயாளிக்கும் ஊழியருக்கும் தனித்தனிச் செலவு வைத்தது சரியான முடிவு. ஆனால் அந்தச் செலவு எண்ணைத் தடங்களோடு பொருந்தும்வரை திருகித் திருகிக் கண்டுபிடித்தீர்கள் என்றால், அதே தடங்களை வைத்துச் சரிபார்த்தேன் என்று ஆய்வேட்டில் எழுதாதீர்கள். இரண்டு நாள் தடங்களால் எண்ணை நிர்ணயித்து, மூன்றாம் நாளை ஒதுக்கி வைத்துச் சோதியுங்கள்.

செங்கல் எழுதியது:

சாக்கெட்டை வரைபடத்தில் குறித்தீர்களா?

வரைதாள் எழுதியது:

குறித்துவிட்டேன். மூன்றாம் நாள் சோதனையை அடுத்த வாரம் பதிவிடுகிறேன். பகல் ஒரு மணிக்கு மருந்தகத்து வரிசை கலைந்தபின் அதே இடைகழியில் இன்னொரு முறை உட்காரவும் அனுமதி கேட்டிருக்கிறேன்.